மார்க் இல்லாத ஸ்ப்ராக்கெட்டும் நாற்பது தௌ கணக்கும்

நேற்று சாயங்காலம் ஹெரால்டு கார் ஸ்டார்ட் ஆகிவிட்டது. ஒரே செல்ஃபில்! மூன்று மாதமாக போர்டிகோவில் பிரித்துப் போட்டிருந்த எஞ்சின், ராத்திரி சந்தோஷத்தில் தூக்கமே வரவில்லை.

மெட்ராஸில் 1961 முதல் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டு, அப்பா வாங்கிய வண்டி. 948 சிசி, நாலு சிலிண்டர், பிளாக்குக்குள் கேம் ஷாஃப்ட் (வால்வுகளைத் திறக்கும் மேடுகள் உள்ள தண்டு), புஷ் ராட் வழியாக எட்டு வால்வு. போன தடவை ஒரு ஒர்க்‌ஷாப்பில் கிராங்கையும் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) கேமையும் இணைக்கும் டைமிங் செயினும் ஸ்ப்ராக்கெட்டும் (செயின் ஓடும் பல் சக்கரம்) மாற்றியதிலிருந்தே சோர்ந்துவிட்டது, மேம்பாலம் ஏறவே இரண்டாம் கியர் கேட்டது. கார்புரேட்டரைக் கழுவினேன், இக்னிஷனைத் தள்ளிப் பார்த்தேன், பலனில்லை. கம்ப்ரஷன் பார்த்தால் நாலு சிலிண்டரிலும் ஒரே அளவு குறைவு. ரிங் தேய்ந்திருந்தால் ஒன்றுக்கொன்று வித்தியாசம் இருக்குமே என்று அப்போதுதான் உறைத்தது. கேம் பின்தங்கியிருந்தால் இன்லெட் வால்வு தாமதமாக மூடும், பிஸ்டன் மேலே வரும்போது இழுத்த காற்றில் கொஞ்சத்தை வெளியே தள்ளிவிடும்.

முன் கவரைக் கழற்றினால், புது ஸ்ப்ராக்கெட்டில் எந்த இடத்தில் பொருத்த வேண்டும் என்று காட்டும் மார்க்கே இல்லை. கண் மதிப்பில் மாட்டியிருக்கிறார்கள். கோபம் வந்தது உண்மை.

ரீபோர், கிராங்க் கிரைண்டிங் எல்லாம் லேத்தில் முடிந்து வந்தது, அதில் சொல்ல ஒன்றுமில்லை. டைமிங்கை மட்டும் நானே வைத்தேன். ஹெட்டை மாட்டி, செயினைப் போடாமல், நாலாம் சிலிண்டரின் 7, 8 வால்வுகளுக்கு மட்டும் 0.040 அங்குலம், அதாவது நாற்பது தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு தௌ) இடைவெளி, வால்வு நுனிக்கும் அதை அழுத்தும் ராக்கருக்கும் நடுவே வைக்க வேண்டும். 1, 4 பிஸ்டன்கள் டாப்பில் நிற்கட்டும். அப்புறம் கேமைக் கையால் மெதுவாகத் திருப்ப வேண்டும், தடை தெரிந்தால் உடனே நிறுத்த வேண்டும். எக்ஸாஸ்ட் மூடி முடிக்கிற, இன்லெட் திறக்க ஆரம்பிக்கிற அந்த இடத்தில் இரண்டு கேம் மேடும் அந்த நாற்பதில் கொஞ்சம் கொஞ்சம் தின்றிருக்கும். மிச்ச இடைவெளி 7-லும் 8-லும் பீலர் கேஜுக்கு (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) ஒரே அளவாக வந்தால் கேம் சரியான இடத்தில் இருக்கிறது என்று அர்த்தம். மார்க் இருந்தாலும் இதைச் செய்து பார்ப்பேன் இனிமேல்.

இப்போது கிராங்கும் கேமும் அசையாமல் செயினோடு ஸ்ப்ராக்கெட் உட்கார வேண்டுமே? அதற்குத்தான் அதில் நாலு ஓட்டை. 90 டிகிரி திருப்பி மாட்டினால் அரைப் பல் நகரும், முன்பின்னாகப் புரட்டினால் கால் பல், இரண்டையும் செய்தால் முக்கால். எனக்குப் புரட்டிப் போட்டதும் போல்ட் இரண்டும் தானாக இறங்கின. யோசித்து வடிவமைத்தவர்களை மனதாரப் பாராட்டினேன். எஞ்சினை இரண்டு முழுச் சுற்று சுற்றி மறுபடி அளந்தேன், சரியாக இருந்தது. உடனே புதிதாக மார்க்கும் குத்திவிட்டேன்.

டேப்பெட்டுக்கு, அதாவது வழக்கமான ராக்கர் இடைவெளிக்கு, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது பத்து தௌ, எட்டுக்கும் ஒரே அளவு. ஒன்பது கணக்கு தெரிந்தால் போதும்: 8 முழுக்கத் திறந்து நிற்கும்போது 1-ஐ அளக்க வேண்டும், 6 திறந்தால் 3-ஐ, கூட்டினால் எப்போதும் ஒன்பது. லாக் நட்டை இறுக்கும்போது இடைவெளி மாறும், இறுக்கியபின் கட்டாயம் திரும்ப அளக்க வேண்டும். இன்னொன்று, பழைய ராக்கரின் நுனியில் குழி விழுந்திருந்தால் பீலர் அந்தக் குழியின் மேல் பாலம் மாதிரி நின்று பொய் சொல்லும், உண்மை இடைவெளி அதைவிட அதிகம். என்னுடையதில் மூன்று அப்படி இருந்தன, மாற்றினேன். சத்தம் வருகிறதே என்று பத்துக்குக் கீழே இறுக்காதீர்கள். எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டை சீட்டில் உட்காரும்போதுதான் இறக்குகிறது, சரியாக உட்காரவில்லை என்றால் சத்தமே இல்லாமல் கருகிப்போகும்.

800 கிலோமீட்டர் ஓடியதும் ஹெட் நட்டின் டார்க்கை (இறுக்கத்தின் அளவு) பார்த்துவிட்டு டேப்பெட்டை மறுபடி அளக்க வேண்டும், அதனால் வால்வு கவர் பேக்கிங்கை இன்னும் ஒட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமை அப்பாவை உட்காரவைத்து அந்த மேம்பாலத்தில் ஏற்றிப் பார்க்கப் போகிறேன்.