பவளத் தொட்டியில் யாருக்கு இடம் கொடுக்கலாம்

மண்டபத்தில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் ஏறி நின்றால் வடக்கே பாக் விரிகுடாவும் தெற்கே மன்னார் வளைகுடாவும் ஒரே பார்வைக்குள் அடங்கிவிடும். ஊரார் பேச்சில் அவை வடகடலும் தென்கடலும். இப்படி இரு பக்கமும் உப்புநீர் கிடக்கும் ஊரில் குடியிருந்துகொண்டு, நான்கு அடி நீளமுள்ள ஒரு கண்ணாடித் தொட்டிக்காகக் கடல் உப்புக் கலவையை வாளிக்கணக்கில் விலைக்கு வாங்கி, அதை ஆர்.ஓ. நீரில் கரைத்துக்கொண்டிருக்கும் ஆள் இந்த வட்டாரத்தில் அநேகமாக நான் ஒருவனாகத்தான் இருப்பேன். நாட்டுப்படகில் தொழிலுக்குப் போகும் என் அத்தை மகன் அந்த வாளியை முதன்முறை பார்த்தபோது, "கடலைப் பக்கத்துல வச்சுக்கிட்டு உப்ப காசு குடுத்து வாங்குறியே மச்சான்" என்று சிரித்தான். அப்போது என்னிடம் சரியான பதில் இல்லை.

இப்போது இருக்கிறது. கரையோரத்து நீர் ஆண்டு முழுவதும் ஒரே தன்மையில் இருப்பதில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் அதன் உப்பு குறைந்து, சேறு கலங்கி நிற்கும். படகுத்துறைக்குப் பக்கத்தில் என்றால் டீசலும் மிதக்கும். கண்ணுக்குத் தெரியாத குஞ்சுப் பருவத்து உயிர்கள் அழைக்காமலே உடன் வரும். மீன்கள் இவற்றை ஓரளவு பொறுத்துக்கொள்ளும். ஆனால் இறால், நத்தை, நட்சத்திர மீன் போன்ற முதுகெலும்பில்லாத உயிரினங்களின் உடல்நீர் சுற்றியுள்ள நீரின் உப்பையே பெரும்பாலும் ஒத்திருப்பதால், உப்பின் அளவு சட்டென்று மாறினால் அவை நிலைகுலைந்துவிடும். இவை எல்லாவற்றையும் விட முக்கியமான காரணம் ஒன்று உண்டு: நீரை அள்ளப் பழகிய கை, கொஞ்ச நாளில் நீருக்குள் இருப்பதையும் அள்ளத் தொடங்கிவிடும்.

இந்தக் கரையில் அது சிறிய விஷயமல்ல. இராமேசுவரம் பக்கத்திலிருந்து தூத்துக்குடி வரை தொடராகக் கிடக்கும் 21 தீவுகளும் அவற்றைச் சுற்றியுள்ள கடலும் 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. 1989இல் இப்பகுதி உயிர்க்கோளக் காப்பகமும் ஆயிற்று. 1972ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001இல் பார் (பவளப்பாறை) கட்டும் கல் பவளங்கள், கருப்புப் பவளங்கள், கடல் விசிறிகள், கடல் அட்டைகள் ஆகிய அனைத்தும் சேர்க்கப்பட்டன. சில வகைச் சங்குகளும் பெருமட்டிகளும் பட்டியலில் உள்ளன. அட்டைத் தடையால் வருமானம் இழந்த குடும்பங்களின் மனக்குறை இன்னும் ஆறவில்லை என்பதை எங்கள் தெருவிலேயே கேட்கலாம். பிழைப்புக்காக எடுத்தவர்களுக்கே அனுமதி இல்லாதபோது, அழகுக்காக எடுக்க எனக்கு என்ன உரிமை இருக்கிறது? ஆகவே என் தொட்டியில் கல் பவளம் கிடையாது. கல் கூடு கட்டாத காளான் பவளம், தோல் பவளம், சிறு பூக்கள்போல் விரியும் ஜோவாந்தஸ் ஆகியவை மட்டுமே வளர்கின்றன. பாறைகள்கூடச் சுட்ட களிமண்ணால் செய்தவை. கரையில் ஒதுங்கிக் கிடக்கும் செத்த பவளத்துண்டும் சட்டத்தின் பார்வையில் பவளம்தான். அட்டவணைகள் 2022இல் திருத்தி அமைக்கப்பட்டுள்ளதால், எதை வாங்குவதற்கு முன்பும் நடப்பிலுள்ள பட்டியலை ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

கடைக்காரர்கள் பவளத்தைத் தின்னாத உயிரை 'ரீஃப் சேஃப்' என்ற ஒற்றைச் சொல்லால் விற்கிறார்கள். அந்தச் சொல்லை நம்பி நான் பட்ட நஷ்டம் கொஞ்சமில்லை. ஓர் உயிரின் நிறத்தைப் பார்க்காமல் அதன் வாயைப் பார்க்க வேண்டும்: இது எதைத் தின்னும், அந்த உணவு என் தொட்டியில் இருக்கிறதா, இருந்தால் எத்தனை மாதத்துக்குக் காணும்? இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது ஒரு நட்சத்திர மீன். வலையில் சிக்கி வந்த, சாம்பல் உடலில் சிவப்புக் குமிழ்கள் வரிசையாக எழுந்து நிற்கும் அந்த உயிரை அத்தை மகன்தான் அன்போடு வாளியில் கொண்டுவந்தான். எங்கள் கடலில் சாதாரணமாகக் காணப்படும் இனம்; பார்த்த கண்ணை எடுக்க முடியாத அழகு. நானும் யோசிக்காமல் உள்ளே விட்டேன். நட்சத்திர மீன் தன் வயிற்றையே வாய்வழியாக வெளியே தள்ளி, இரையின் மேல் போர்த்தி, அங்கேயே செரிக்கும் ஆற்றலுடையது. மூன்றாம் நாள் காலையில் அது காளான் பவளத்தின் மேல் கவிழ்ந்து படுத்திருந்தது. விலக்கியபோது அடியில் கொழகொழப்பான ஒரு தடம் மட்டும் இருந்தது. பஞ்சுயிர், மட்டி, மென்பவளம் எதையும் அது விடுவதில்லை என்பதைப் பிறகுதான் படித்தேன்.

நீல லிங்கியா நட்சத்திர மீனின் கதை இதற்கு நேர்மாறானது. அது யாரையும் தின்னாது. பாறை மேல் படரும் மெல்லிய படலத்தை மேய்ந்து வாழும். புதிய தொட்டியில் அந்தப் படலம் போதாமல், வெளியே தெரியாதபடி மாதக்கணக்கில் பட்டினி கிடந்து, ஒருநாள் கைகள் கரைந்து சாகும். பவளத்துக்கு அதனால் ஆபத்தில்லை, அதற்குத்தான் நம்மால் ஆபத்து. பாறை இடுக்கில் ஒளிந்து மிச்சம் மீதியைப் பொறுக்கும் சிறிய நொறுங்கு நட்சத்திரங்கள் நல்லவை. அவற்றின் உறவான பச்சை நிறப் பெரிய இனம் இரவில் உடலை வளைத்துக் கூடாரம்போல் நின்று மீனையே பிடித்துவிடும்.

இறால்களில் என் முதல் பரிந்துரை, சிவந்த முதுகில் வெள்ளைக் கோடு ஓடும் கிளீனர் இறால். மீனின் உடலில் ஒட்டியிருப்பதைத் தின்று பிழைப்பது. நம் கையை நீட்டினாலும் ஏறி நகத்தைச் சுத்தம் செய்யும். புதிதாக வளர்ப்பவர்களுக்கு ஒரு செய்தி: இறால் சட்டையுரிக்கும். மீசை, கால், கண்குழி எல்லாம் அப்படியே இருக்கும் வெற்றுக் கூட்டைக் காலையில் பார்த்து, செத்துவிட்டது என்று வருந்தி, மாலையில் அதே இறால் பாறைக்குப் பின்னாலிருந்து வெளிவந்தபோது அசடு வழிந்தவர்களில் நானும் ஒருவன். குத்துச்சண்டை வீரனைப்போல் இடுக்கி விரித்து நிற்கும் பட்டை இறால் பவளத்தைத் தொடாது, ஆனால் மற்ற இறால்களை விட்டுவைக்காது. ஒன்று, அல்லது உண்மையான ஒரு சோடி என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். கண்ணாடிச் சாமந்தி எனப்படும் களையை ஒழிப்பதற்கென்று பெப்பர்மின்ட் இறால் விற்கப்படுகிறது. அதே பெயரில் ஒட்டக இறாலும் கைமாறும். முதுகில் கூனும் பெரிய கண்களும் சிவப்பு உடலில் வெள்ளைக் கோலமும் தெரிந்தால் அது ஒட்டக இறால், அது ஜோவாந்தஸ்களைக் கிள்ளித் தின்னும். நட்சத்திர மீனை மட்டுமே உண்ணும் ஹார்லெக்வின் இறாலைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. அதற்கு யார் தினந்தோறும் நட்சத்திர மீன் வாங்கிப் போடுவது?

பாசியைக் கட்டுக்குள் வைக்க நத்தைகளே போதும். மணலுக்குள் புதைந்து கிடந்து, உணவின் மணம் எட்டியவுடன் துதிக்கை போன்ற குழலை நீட்டிக்கொண்டு எழுந்துவரும் நசாரியஸ் நத்தை எனக்கு மிகவும் பிடித்தது. டர்போ நத்தை பாசியை நன்றாக மேயும். ஆனால் கனமான உடலோடு ஏறிப் பவளத்தைத் தள்ளிவிடும், தானும் கவிழ்ந்தால் பல சமயம் நிமிரத் தெரியாமல் கிடந்து சாகும். துறவி நண்டுகளைத் தொட்டியின் துப்புரவாளர்கள் என்பார்கள். பெயரில்தான் துறவு, வீட்டின் மேல் அவற்றுக்குள்ள ஆசை அளவில்லாதது. வளர வளரப் பெரிய ஓடு வேண்டும் என்பதால், ஓட்டுக்குள் உயிரோடிருக்கும் நத்தையைக் கொன்றுவிட்டுக் குடியேறவும் தயங்குவதில்லை. வெற்று ஓடுகளைப் பல அளவுகளில் போட்டுவைத்தால் இது குறையும், நிற்காது. யானை முள்ளி போன்ற முள் சங்குகள் மற்ற நத்தைகளையும் மட்டிகளையும் வேட்டையாடுபவை என்பதால் அவற்றுக்கு இடமே கிடையாது.

பூப்போல் தோன்றும் விலங்கான கடல் சாமந்தியை முதல் ஆண்டில் நினைக்கவே கூடாது. அது ஓரிடத்தில் நிற்கும் என்று நாம் எண்ணுவோம். அது தன் விருப்பத்துக்கு நகர்ந்து, வழியிலுள்ள பவளங்களையெல்லாம் கொட்டி, கடைசியில் அலை மோட்டாருக்குள் சிக்கிச் சிதையும், சிதைந்தது தொட்டி நீரையே கெடுத்துவிடும். கடல் அட்டையைச் சட்டமே தடுத்துவிட்டது. தடுக்காவிட்டாலும், மிரண்டால் அது வெளியிடும் நச்சு மீன்களைக் கொல்லக்கூடியது.

வளர்ப்பவருக்கான பாதுகாப்பைப் பற்றி யாரும் பேசுவதில்லை. சாதுவாகத் தோன்றும் ஜோவாந்தஸ்களிலும், குறிப்பாக அவற்றின் உறவான பாலிதோவாக்களிலும், பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு இருக்கலாம். கையில் கீறல் இருக்கும்போது அவற்றைத் தொடக் கூடாது. கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் வெட்டக் கூடாது. அவை ஒட்டியிருக்கும் பாறையைச் சுத்தம் செய்வதற்காக ஒருபோதும் கொதிக்க வைக்கக் கூடாது, ஏனெனில் அந்த ஆவியை மூச்சில் இழுத்தே வீட்டார் மருத்துவமனைக்குப் போன நிகழ்வுகள் வெளிநாடுகளில் பதிவாகியுள்ளன. மன்னார் வளைகுடாவில் கூம்புச் சங்குகள் பலவகை உண்டு. ஓட்டின் சித்திரத்தில் மயங்கி உயிருள்ளதைக் கையிலெடுத்தால், ஈட்டி போன்ற பல்லால் குத்தும். சில இனங்களின் நஞ்சு ஆளையே கொல்லும். குழந்தைகள் உள்ள வீட்டில் நீள்முள் கடல் முள்ளெலியும் வேண்டாம்.

சரியான உயிரைத் தேர்ந்த பிறகும் கெடுப்பதற்கு இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று தாமிரம். மீன்களுக்கு வெண்புள்ளி நோய் கண்டபோது, கடையில் கொடுத்த மருந்தைக் குறிப்புத்தாள் படிக்காமல் தொட்டியிலேயே ஊற்றினேன். மறுநாள் காலைக்குள் ஆறு இறால்களும் அத்தனை நத்தைகளும் போய்விட்டன. மீனின் ஒட்டுண்ணியைக் கொல்லும் தாமிரம் இவற்றையும் கொல்லும் என்பதோடு, பாறையிலும் மணலிலும் ஏறிக்கொண்டு நெடுநாள் கசிந்துகொண்டும் இருக்கும். நோயுற்ற மீனைத் தனித்தொட்டிக்கு மாற்றித்தான் மருந்து தர வேண்டும். இன்னொன்று வெப்பம். 2010, 2016 கோடைகளில் எங்கள் தென்கடலிலேயே நீர் சூடேறிப் பவளங்கள் வெளுத்தன என்றால், இருநூற்றைம்பது லிட்டர் தொட்டி எம்மாத்திரம்? 25, 26 பாகைக்குள் வைத்திருப்பதுதான் இலக்கு. சித்திரை, வைகாசியில் நீரின் மேல் மின்விசிறியைத் திருப்பிவைத்தால் இரண்டு மூன்று பாகை குறையும். ஆனால் நீர் ஆவியாகி உப்பு ஏறுவதால், குறைந்த அளவைத் தினமும் நன்னீரால் ஈடுசெய்ய வேண்டும். புதிதாக வாங்கிய இறாலையும் நத்தையையும் சொட்டுக் குழாயால் தொட்டி நீரைச் சிறிது சிறிதாகச் சேர்த்து ஒரு மணி நேரத்துக்கு மேல் பழக்கிய பிறகே உள்ளே விடுகிறேன்.

வளர்ப்பிலேயே பிறந்த உயிர் கிடைத்தால் அதையே வாங்குவேன். கோமாளி மீன்களைப் பொரிப்பகங்களில் பெருக்குவது இன்று பரவலாகிவிட்டது. இலட்சத்தீவின் அகத்தியில் தேசிய மீன் மரபணு வளப் பணியகம் அலங்கார இறால் வளர்ப்பைத் தீவு மக்களுக்குக் கற்றுக்கொடுத்துள்ளது. அந்த வகை இறால் எங்கள் ஊர்ப் பக்கம் வரும் நாளுக்காகக் காத்திருக்கிறேன்.

அந்த நட்சத்திர மீனை மறுபடி கடலில் விட்டுவிடும்படி அத்தை மகன் சொன்னான். வேறு கடல்களிலிருந்து வந்த உயிர்களோடு ஒரே நீரில் இருந்ததை, எந்த நோயைச் சுமந்திருக்கிறது என்று தெரியாமல், எப்படி விடுவது? வளர்ப்பதற்காக மண்டபத்துக்குக் கொண்டுவரப்பட்ட கப்பாஃபைக்கஸ் பாசி 2008இல் குருசடைத் தீவருகே பவளங்களின் மேலேயே படர்ந்திருந்ததைக் கண்ட ஊர் இது. ஆகவே அதற்கென்று இரண்டடித் தொட்டி ஒன்றை மாடிப்படிக்குக் கீழே வைத்தேன். வாரம் இருமுறை மட்டிச் சதையை இடுக்கியால் அதன் அடியில் வைத்தால் மெதுவாக வந்து மேலே கவிழ்ந்துகொள்கிறது. மட்டியை மட்டும் அத்தை மகனே கொண்டுவந்து கொடுக்கிறான், காசு வாங்குவதில்லை.