கோத்தகிரிக்காரன் கொட்டகலையில் கார் ஓட்டிய கதை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இலங்கை மலையகத்தில் சொந்தமாக வண்டி ஓட்டிச் சுற்றுவதாக இருந்தால், கொழும்பில் சர்வதேச ஓட்டுநர் உரிமத்துக்கு ஒப்புதல் வாங்குகிற வேலையை முடித்துவிட்டு மலை ஏறுங்கள். நான் முடிக்காமல் ஏறினேன். அதனால் ராத்திரியில் லீக்ஸ் காய்கறி மூட்டைகளோடு லாரியில் திரும்ப இறங்கினேன். அந்த எரிச்சல் இன்னும் ஆறவில்லை. பையில் இருக்கிற துணியைக்கூட வெளியே எடுக்காமல் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

என் திமிருக்குக் காரணம் நேபாளம். இரண்டு வருஷத்துக்கு முன் நண்பர்களோடு சுனௌலி எல்லையைக் காரில் தாண்டியிருக்கிறேன். நமக்கு விசா கிடையாது. காருக்குப் 'பன்சார்' என்று ஒரு சுங்கச் சீட்டு, எத்தனை நாளோ அத்தனை நாளுக்குப் பணம், ஆர்.சி., லைசென்ஸைக் காட்டினால் முடிந்தது. அதே நினைப்பில் இலங்கைக்கும் என் காரையே கொண்டுபோகலாமா என்று விசாரித்தேன். நாகப்பட்டினம் - காங்கேசன்துறை கப்பல் ஆட்களை மட்டும்தான் ஏற்றும். காரைத் தனியாகக் கன்டெய்னரில் அனுப்ப வேண்டும், அதற்குக் 'கார்னெட்' என்று வண்டிக்கே ஒரு பாஸ்போர்ட் மாதிரி புத்தகம் வேண்டும், அதற்கு உத்தரவாதப் பணம் கட்ட வேண்டும். கணக்குப் போட்டால் என் பழைய காரை விற்றாலும் அந்தத் தொகை வராது போலிருந்தது. சரி, அங்கே போய் வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

பயண அனுமதியிலேயே முதல் அடி. இ.டி.ஏ. என்கிற அந்த அனுமதிக்கு ஆன்லைனில் தேடினேன், அரசாங்கத் தளம் மாதிரியே இருந்த ஒன்றில் பணம் கட்டினேன், அப்புறம் பார்த்தால் அது ஏஜென்ட் நடத்துகிற தளம். அனுமதி வந்தது, ஆனால் கூடுதலாகப் பிடுங்கிக்கொண்டார்கள். அசல் முகவரி gov.lk என்று முடியும், அதைப் பார்த்துவிட்டுக் கார்டை எடுங்கள். சர்வதேச ஓட்டுநர் உரிமத்தை ஊரிலேயே ஆர்.டி.ஓ. மூலம் எடுத்துவிட்டேன். 1000 ரூபாய், ஒரு வருஷம் செல்லும். இது இருந்தால் போதும் என்று நினைத்தது ரெண்டாவது தப்பு.

சனிக்கிழமை கப்பல், நாலு மணி நேரம். யாழ்ப்பாணத்திலிருந்து ராத்திரி பஸ்ஸில் கண்டி, அங்கிருந்து இன்னொரு பஸ்ஸில் ஹட்டன். அத்தை வீடு தலவாக்கலைக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில். மச்சானுக்கு அன்று வேலை. "ஸ்டாண்டுலேர்ந்து பஸ் இருக்கு, ஏறி வந்துரு" என்று சொல்லியிருந்தான். தூக்கக் கலக்கத்தில் நான் ஒரு ஓட்டோவில் ஏறினேன். (அங்கே ஆட்டோ இல்லை, ஓட்டோ.) மீட்டர் இருக்கிறது, அதன்மேல் ஒரு துண்டு தொங்குகிறது. நான் வாயைத் திறந்ததும் டிரைவர் அண்ணன், "இந்தியாவா தம்பி? நம்ம ஆளு!" என்று சிரித்தார். நம்ம ஆளுக்கு 6000 ரூபாய். இருபது கிலோமீட்டர்கூட இருக்காது. நம் ஒரு ரூபாய் அங்கே மூன்றரை ரூபாய்தானே என்று மனசைத் தேற்றிக்கொண்டாலும், மூன்று நாள் சாப்பாட்டுக் காசு அது. அத்தை கேட்டதும், "அட பாவி மகனே, ஆறாயிரமா குடுத்த?" என்று வாசலிலேயே தலையில் கை வைத்துவிட்டார்.

அந்த வாசலைப் பற்றி ரெண்டு வரி. 1964-இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் நம் பிரதமர் சாஸ்திரியும், தோட்டத் தமிழர்களில் யாருக்கு எந்த நாடு என்று ஒப்பந்தம் போட்ட பிறகு, எங்கள் தாத்தாவுக்கு இந்தியப் பாஸ்போர்ட், அத்தை கட்டிக்கொண்டு போன வீட்டுக்கு இலங்கைக் குடியுரிமை. தாத்தா தலைமன்னாரில் கப்பல் ஏறி, மண்டபம் முகாமில் இருந்து, கோத்தகிரியில் டான்டீ என்கிற தமிழ்நாடு அரசுத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தார். அத்தை அதே லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டில், இருந்துவிட்டார். கோத்தகிரியில் இன்றும் எங்களைச் சிலோன்காரங்க என்பார்கள். இங்கே பக்கத்து லயத்துப் பிள்ளைகள் "இந்தியாக்கார மாமா" என்று என்னைப் பார்க்க வரிசையாக வந்தார்கள். ராத்திரி அத்தை கோதுமை மாவில் தேங்காய்ப் பூ போட்டு ரொட்டி தட்டினார், விரல் கனம். கூடவே செத்தல் மிளகாயும் சின்ன வெங்காயமும் அம்மியில் நசுக்கிய கட்டச் சம்பல், பொரித்த நெத்தலி. என் அம்மா வீட்டில் செய்கிற அதே ரொட்டி, ஆனால் விறகடுப்பில் அங்கங்கே கருகிய அந்தப் புள்ளிகள் எங்கள் கேஸ் அடுப்பில் வரவே வராது. ஐந்து சாப்பிட்டேன். உறைப்பில் காது அடைத்தது.

சாப்பிட்டு முடித்து, நாளைக்கு எங்கே கார் எடுக்கலாம் என்று கேட்டபோதுதான் மச்சான் என் உரிமத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல சீல் எங்க?" என்றான். வெளிநாட்டுக்காரர் சர்வதேச உரிமம் கொண்டுவந்தாலும் கொழும்பில் இலங்கை ஆட்டோமொபைல் சங்கத்தில் அதற்கு ஒப்புதல் வாங்க வேண்டும். வாங்காமல் ஓட்டினால் பொலிஸ் பிடிக்கும், அதைவிட, இடித்துவிட்டால் இன்ஷூரன்ஸ் கைவிரித்துவிடும். 2025 ஆகஸ்ட்டில் கட்டுநாயக்கா விமான நிலையத்திலேயே வெளிநாட்டவருக்குத் தற்காலிக லைசென்ஸ் கொடுக்கும் கவுன்டர் திறந்திருக்கிறார்கள். விமானத்தில் வந்தவனுக்குச் சரி, டிக்கெட் காசை மிச்சம் பிடிக்கக் கப்பலில் வந்தவனுக்கு? ஓட்டோ வாடகைக்கு எடுத்து ஓட்டலாம் என்றும் ஒரு ஆசை இருந்தது. அதற்கு அங்கே பி1 என்று தனி வகுப்பு, என் லைசென்ஸில் கார் மட்டும்தான் என்று மச்சான் அதையும் முடித்துவைத்தான்.

திங்கட்கிழமை போலாம் என்றால் அன்று போயா. பௌர்ணமி தோறும் நாடே லீவு. காலண்டரைப் பார்க்காமல் டிக்கெட் போட்ட என்னைத்தான் சொல்ல வேண்டும்.

மச்சானின் கூட்டாளி ஒருவர் கொழும்புப் பக்கம் பேலியகொடை சந்தைக்குக் காய்கறி லாரி ஓட்டுகிறார். திங்கள் ராத்திரி நானுஓயாவில் ஏறினேன். பின்னால் லீக்ஸும் கேரட்டும், கேபினில் நாங்கள் மூன்று பேர், நடுவில் நான், என் முட்டியில் கியர். வெங்காயமும் பச்சைப் புல்லும் கலந்த அந்த லீக்ஸ் வாசனை, சட்டையில் இன்னும் இருக்கிறது. கித்துல்கலையில் நிறுத்தி இஞ்சி போட்ட பிளேன்டீ வாங்கிக் கொடுத்தார், காசு வாங்கவில்லை. ஹட்டன் ஓட்டோக்காரர் பிடுங்கியதை இந்த மனுஷன் ஒரு டீயில் சமன் செய்துவிட்டார் என்றுதான் சொல்வேன். விடியும் முன் சந்தையில் இறங்கி, மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்தே தூங்கி, பஸ் பிடித்து, அந்தச் சங்கத்தின் ஆபீஸ் இருக்கிற காலிமுகத்திடல் போய்ச் சேர்ந்தேன்.

வேலை என்னவோ அரை மணி நேரம்தான். பாஸ்போர்ட், விசா நகல், நம் லைசென்ஸ், சர்வதேச உரிமம், போட்டோ. இந்த ஒப்புதலை வண்டி வாடகைக்குக் கொடுக்கிற சிலரே, நாம் நகல்களை முன்கூட்டியே அனுப்பினால் வாங்கி வைத்துவிடுகிறார்களாம். அதை எனக்குச் சொன்னது, காரைக் கொடுத்த ஆள், எல்லாம் முடிந்த பிறகு!

கார் ஒரு வேகன்ஆர், ஓட்டோ கியர் (அதாவது ஆட்டோமேட்டிக்). நாளுக்கு 8000, நூறு கிலோமீட்டர் வரை, அதற்கு மேல் தனிக் கணக்கு. பெட்ரோல் அப்போது லிட்டர் 300 ரூபாயை ஒட்டி இருந்தது. இடது பக்கம்தான் ஓட்ட வேண்டும், வளைவுகளும் மேட்டுப்பாளையம் ரோட்டுக்குச் சளைத்தவை இல்லை, ஆனால் இல்லாத கிளட்சைத் தேடிய இடது கால் ஒரு முறை பிரேக்கை மிதித்ததில், பின் சீட்டில் அத்தை மடியில் இருந்த சம்பல் டப்பா முன் சீட்டுக்கு வந்துவிட்டது. இன்னொன்று, ஆட்கள் ரோட்டைக் கடக்கிற மஞ்சள் கடவையில் யாராவது கால் வைத்தால் அங்கே வண்டிகள் நிஜமாகவே நிற்கின்றன. நான் முதல் நாள் நிற்கவில்லை, ஒரு கிழவி குடையை ஓங்கினார்.

கொட்டகலைக்கும் தலவாக்கலைக்கும் நடுவில் பொலிஸ் மறித்தது. முதலில் பார்த்தது கண்ணாடியில் ஒட்டியிருந்த வருமான அனுமதிப் பத்திரம் (வண்டி வரி கட்டிய சீட்டு), அப்புறம் இன்ஷூரன்ஸ், கடைசியில்தான் என் லைசென்ஸ். விலாசத்தில் கண்ணை வைத்தவர் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். "கொட்டகல ஆளா? அப்ப இது எதுக்கு?" என்று வெளிநாட்டவருக்கான ஒப்புதலை ஆட்டிக் கேட்டார். கோத்தகிரி சார், கொட்டகலை இல்லை, இந்தியாவில் இருக்கிறது என்றேன். நம்பவில்லை. மச்சான் இறங்கிச் சிங்களத்தில் தாத்தா கதையிலிருந்து ஆரம்பித்தான். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, என்னவோ சொல்லிச் சிரித்து, பத்திரங்களைக் கொடுத்தார். "என்னடா சொன்னார்?" என்றேன். "ரெண்டு எடத்துலயும் தேயிலதானே, போங்கன்னுட்டார்."

நுவரெலியா, வெலிமடை, பண்டாரவளை எல்லாம் ஓடிய வேகத்தில் ஓடிவிட்டன. ஹோர்ட்டன் சமவெளிக்குப் போகவில்லை. அந்தத் தேசியப் பூங்காவில் நுழைவுக் கட்டணம் மச்சானுக்குச் சில்லறை, எனக்கு டாலர் கணக்கு; சேவைக் கட்டணம், வண்டிக்குத் தனி, அதன்மேல் 18 சதவீத வாட் (VAT) வரி. மேட்டின் விளிம்பில் நின்று பனி மூட்டம் பார்க்க அவ்வளவு தர முடியாது, ஊரில் கோடநாட்டில் சும்மா பார்க்கிறேன். பதிலாக அப்புத்தளையில் தம்பேதன்னை தோட்டத்துக்குள் ஏறி, தேயிலை வியாபாரி லிப்டன் உட்கார்ந்து பார்த்த இடத்துக்குப் போனோம். 1890-இல் அவர் கட்டிய தொழிற்சாலையிலிருந்து ஏழு கிலோமீட்டர், எதிரில் ஒரு ஓட்டோ வந்தாலே பின்னால் எடுக்க வேண்டிய பாதை. மேலே ஒரு பிளேன்டீயும் வடையும். அத்தை அவ்வளவு வருஷம் அந்தப் பக்கம் இருந்தும் அங்கே வந்தது முதல் தடவையாம். தேயிலையைப் பார்க்கவா இவ்வளவு பெட்ரோல் என்று திட்டினார், ஆனால் இறங்க மனசில்லாமல் உட்கார்ந்திருந்தார்.

இப்போது மச்சான் கோத்தகிரி வருகிறேன் என்கிறான். இலங்கைக்காரர்களுக்கும் சர்வதேச உரிமம் கொடுப்பது அதே சங்கம்தான், இந்திய விசாவோடு சேர்த்து வாங்கிவிடுகிறானாம், மேட்டுப்பாளையம் ரோட்டில் என் காரை அவன்தான் ஓட்டுவானாம். அவன் ஓட்டிப் பழகியதெல்லாம் ஓட்டோ கியர். என் வண்டியில் கிளட்ச் இருக்கிறது என்பதை இன்னும் நான் சொல்லவில்லை.