ட்ராக்போலுக்கு ஃபேர்ம்வெயார் ஏத்தப் பயப்பிடாதேங்கோ

நான் கட்டின ட்ராக்போலை (போலை உருட்டிக் கேர்சரை ஓட்டிற மவுஸ்) கண்ட உடன கொக்குவில் பெடியள் கேக்கிற முதல் கேள்வி, "அண்ணை, ஃபேர்ம்வெயாரை (சாமானுக்குள்ள ஓடுற புரோகிராமை) ஃபிளாஷ் பண்ணேக்க கரண்ட் போனா போட் செத்துப்போகுமே?" ஃபோனுக்கு ரோம் (அதின்ர சிஸ்டம்) மாத்தப்போய் ஃபோனே போனதைப் பாத்து வளந்த ஆக்கள்தானே, பயம் நியாயம்தான். ஆனா இதுக்குள்ள இருக்கிற ராஸ்பெரி பை பிக்கோ எண்ட சின்ன போட்டின்ர ஆர்பி2040 சிப்பில அந்தக் கதை இல்லை, ஏனெண்டா புதுக் கோடை ஏத்த விடுற பூட்லோடர் சிப்புக்குள்ளேயே அழிக்கேலாத ரோம் எண்ட மெமரியில கிடக்கு, நாங்கள் எழுதிற கோட் போறது வெளியால இருக்கிற 2 எம்பி ஃபிளாஷ் மெமரிக்கு. என்ன குப்பையை ஏத்தினாலும் பூட்செல் பட்டனை அமத்திக்கொண்டு யூஎஸ்பி குத்தினா பென் ட்ரைவ் மாதிரி ஒரு ட்ரைவ் வரும், ஃபேர்ம்வெயார் இருக்கிற யூஎஃப்2 ஃபைலை அதுக்குள்ள கொப்பி பண்ணினாச் சரி. ட்ரைவ் தானா மறைஞ்சிடும், மக்கில "சரியாக் கழட்டேல்லை" எண்டு திட்டும், அதைக் கணக்கெடுக்காதேங்கோ.

பெட்டியை 3டி பிரிண்ட் பண்ண புளூப்பி எண்ட கனடாக் கொம்பனியின்ர டிசைன் கிட்ஹப்பில திறந்து கிடக்கு, பாத்துப் படிக்க அருமையான சாமான். போல் உருளுறதைப் பாக்கிற சென்சர் பிஎம்டபிள்யூ3360. இதில கவனம் வேணும், லென்ஸுக்கும் போலுக்கும் இடையில 2.4 மில்லிமீற்றர்தான் இருக்கோணும், கொஞ்சம் கூடக் குறைஞ்சாலே கேர்சர் துள்ளத் தொடங்கும், வயரிங் பிழையாக்கும் எண்டு நினைச்சு மணித்தியாலக் கணக்கா சோல்டரைக் கிண்டுவியள்.

ஃபேர்ம்வெயாருக்கு கியூஎம்கே, கீபோட்டுக்கும் மவுஸுக்கும் எழுதின திறந்த ஃபேர்ம்வெயார். ரூல்ஸ் ஃபைலில போயின்ரிங் டிவைஸை ஒன் பண்ணி, ட்ரைவரா பிஎம்டபிள்யூ3360 எண்டு குடுத்து, சென்சர் போட்டோட கதைக்கிற எஸ்பிஐ பின்னுகளை எழுதினா கேர்சர் ஓடும். போலை மேல உருட்ட கேர்சர் கீழ போனா பெட்டியைக் கழட்டாதேங்கோ, சென்சர் திரும்பியிருக்கு அவ்வளவுதான், கொன்ஃபிக்கில ஒய் இன்வெர்ட் எண்டு ஒரு வரி காணும். இந்த இடம்தான் எனக்குப் பெரிய சந்தோசம், கடையில வாங்கின மவுஸ் எண்டா அவங்கள் எப்பிடிச் செய்தாங்களோ அப்பிடித்தான், இது நான் சொன்னபடி கேக்கும்! ட்ராக் ஸ்க்ரோல் போட்டு வச்சிருக்கிறன், ஒரு பட்டனை அமத்திப் போலை உருட்டினா பக்கம் ஓடும், வீல் தேவையே இல்லை, நாள் முழுக்கக் கோட் பாத்தாலும் மணிக்கட்டு நோகுதில்லை.

எங்கட செம்மண் புழுதி போலைத் தாங்கிற மூண்டு பெயாரிங் பந்திலயும் ஒட்டும், கேர்சர் இறுகினா போலைக் கழட்டித் துடையுங்கோ.

ஒண்டு கட்டாயம், திருகாணி பூட்டிறதுக்கு முன்னம் எந்தப் பட்டன் என்ன செய்யோணும் எண்டு எழுதிற கீமப்பில ஏதாவது பட்டன் சோடிக்கு, போட்டை பூட்லோடருக்கு அனுப்பிற கியூகே பூட் எண்ட கோடைக் குடுத்து வையுங்கோ, பிறகு டிபிஐ (கேர்சர் வேகம்) மாத்திப் புதுசா ஏத்த பெட்டியைத் திறந்து பூட்செல்லைத் தேடத் தேவையில்லை.