மாசியில் தேன், ஆவணியில் சிப்ஸ், மார்கழியில் முந்திரிக்கொத்து

தேனீ வளர்க்கச் சொந்த நிலம் வேண்டாம் என்று பயிற்சியில் சொல்லிக் கொடுப்பார்கள். உண்மைதான். ஆனால் சொந்த நிலம் இல்லாதவளுக்கு அடுத்தவர் நிலம் வேண்டும். கன்னியாகுமரி மாவட்டத்தில் அருமனை, களியல், குலசேகரம் பக்கம் என் தேனீப் பெட்டிகள் இருக்கிற ரப்பர் தோட்டங்களில் ஒன்றுகூட என்னுடையது இல்லை. சொந்தக் காலில் நிற்கிற பெண் என்று யாராவது என்னை மேடையில் அறிமுகம் செய்தால், எனக்கு அந்தத் தோட்டக்காரர்களின் முகம்தான் ஞாபகம் வரும்.

ரப்பர் மரம் மார்கழி, தை மாதங்களில் இலை உதிர்த்துவிட்டுப் புதுத் துளிர் விடும். மூன்று இலைகள் காம்போடு சேருகிற இடத்தில் சின்னச் சின்னச் சுரப்பிகள் உண்டு. துளிர் விரியும்போது அவற்றில் தேன் கசியும். மார்த்தாண்டம் தேனில் பெரும்பகுதி இப்படிப் பூவிலிருந்து இல்லாமல் இலையிலிருந்து வருவதுதான். மாசியும் பங்குனியும் மூச்சு விட நேரம் இருக்காது. அப்புறம் மழை தொடங்கிவிட்டால் வரவு நின்றுவிடும், தேனீக்களுக்கு நாம்தான் சீனிப்பாகு வைத்துக் காப்பாற்ற வேண்டும்.

இதையெல்லாம் எனக்குக் கற்றுத் தந்தவர் எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர். ஊரில் எல்லாரும் அவரைப் பாட்டா என்றுதான் கூப்பிடுவோம். மார்த்தாண்டத்தில் 1920-களில் ஒய்.எம்.சி.ஏ. கிராமப் பயிற்சி மையம் வழியாகத் தொடங்கிய தேனீ வளர்ப்பு, பாட்டாவின் அப்பா காலத்திலேயே அவர்கள் வீட்டுக்கு வந்துவிட்டது. 1990-களின் தொடக்கத்தில் தாய் சாக்புரூட் என்ற வைரஸ் நோய் வந்து தேனீப் புழுக்கள் கூட்டுக்குள்ளேயே செத்தன. மாவட்டத்தில் பெரும்பாலானவர்களின் பெட்டிகள் காலியாகிவிட்டன, பாட்டாவுக்கு ஒரு தேனீக் கூட்டம்கூட மிஞ்சவில்லை. நோயைத் தாங்கி நின்ற காட்டுக் கூட்டங்களை மரப்பொந்திலும் பாறை இடுக்கிலும் தேடிப் பிடித்து மறுபடி தொடங்கியவர் அவர். அப்படிப்பட்டவர் எனக்கு முதலில் சொல்லித் தந்தது தேனீயைப் பற்றி அல்ல.

"மக்களே, மரத்தைப் பாத்துப் பெட்டி வைக்காத. தோட்டக்காரனப் பாத்து வை."

இதன் அர்த்தம் எனக்கு வேலையில்தான் விளங்கியது. துளிர் விடும் நேரத்தில் இலையில் சாம்பல் நோய் வந்தால் தோட்டத்தில் கந்தகத் தூள் அடிப்பார்கள். தேனீக்கள் வெளியே திரிகிற நேரமும் அதுதான். முந்தின நாள் ஒரு போன் வந்தால் பெட்டிகளை ராத்திரியோடு ராத்திரியாக மாற்றிவிடலாம். அந்தப் போனைச் செய்யச் சொல்லி எந்தச் சட்டமும் இல்லை. ரப்பர் மரத்தில் பால்வெட்ட வருகிறவர்கள் விடியும் முன்பே மரத்தடிக்கு வந்துவிடுவார்கள். பெட்டியை அவர்கள் நடக்கிற தடத்தில் வைத்தால் கொட்டு வாங்குவது அவர்கள்தான். அவர்களிடம் கேட்டுத்தான் இடம் பார்ப்பேன். பருவம் முடிந்ததும் தோட்டக்காரருக்கு ஒரு குப்பி தேன், பால்வெட்டுகிறவருக்கும் ஒரு குப்பி. இதை வாடகை என்று நான் நினைக்கவில்லை.

2017 நவம்பர் 30-இல் ஒக்கிப் புயல் அடித்தபோது இந்தத் தோட்டங்களில் மரங்கள் வரிசை வரிசையாகச் சாய்ந்தன. வாழையும் போனது. சுயஉதவிக் குழுவில் வாங்கிய கடனுக்கு என்னால் தவணை கட்ட முடியாத நேரம் அது. குழுவில் இருந்தவர்கள் தங்கள் சேமிப்பிலிருந்து என் பங்கைக் கட்டினார்கள். அதில் இரண்டு பேருக்கு வீட்டு ஓடே பறந்திருந்தது. நானாகச் சொல்லும் வரை யாரும் பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. தொழில் தொடங்க உதவி செய்த கை எத்தனையோ உண்டு. விழுந்த வருஷத்தில் பிடித்த கையைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

சிப்ஸ் தொழில் அந்தக் குழுவிலிருந்துதான் வந்தது. ஆனி முதல் புரட்டாசி வரை தேனில் செலவு மட்டும்தான். ஆனால் ஆவணியில் ஓணம் வரும். எங்கள் மாவட்டத்திலும், எல்லை தாண்டித் திருவனந்தபுரம் பக்கமும், சிப்ஸ் இல்லாமல் ஓணம் இல்லை. குழுவில் மூத்த அக்கா ஒருவர் ஏத்தங்காயை, அதாவது நேந்திரங்காயை, நேராகக் கொதிக்கிற தேங்காய் எண்ணெயிலேயே சீவி விடுவார். மஞ்சளும் உப்பும் கரைத்த தண்ணீரை அந்த எண்ணெயிலேயே ஊற்ற வேண்டும், சடசடப்பு அடங்குகிற சத்தத்தை வைத்துத்தான் பதம் பார்க்க வேண்டும். அந்தப் பதம் கைக்கு வர எனக்கு ஒரு ஓணம் முழுக்க ஆனது. பிறகு கிறிஸ்துமஸுக்கு முந்திரிக்கொத்து. பாசிப்பயறு வறுத்துப் பொடித்து, தேங்காயும் எள்ளும் சேர்த்து, கருப்பட்டிப் பாகில் உருட்டி, மாவில் முக்கிப் பொரிக்கிற எங்கள் ஊர்ப் பலகாரம். வெளியூரில் வேலை பார்க்கிற பிள்ளைகளுக்கு அனுப்ப அம்மாக்கள் வாங்குவார்கள்.

மூன்று தொழில் ஆனதும் பணம் எங்கே வருகிறது, எங்கே போகிறது என்பது ஒரே பையில் கலந்துவிட்டது. எங்கள் கிறிஸ்தவ சபையின் பெண்கள் சங்கத்தில் ஓய்வு பெற்ற வணிகவியல் டீச்சர் ஒருவர் இருக்கிறார். தேன், சிப்ஸ், பலகாரம் மூன்றுக்கும் தனித்தனி நோட்டு போட வைத்தவர் அவர்தான். என் கூலியையும் அதில் எழுதச் சொன்னார். நான் தயங்கியபோது, "நீ செய்த வேலைக்குக் கூலி எழுதாம லாபம் எழுதினா அது லாபமே இல்ல பிள்ளே" என்றார். வீட்டிலிருந்து தொழில் செய்கிற பெண்கள் பெரும்பாலும் விடுவது இந்த ஒரு வரியைத்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அடுப்படியில் நிற்கிற நேரத்துக்கு நாமே விலை போடாவிட்டால் வேறு யார் போடுவார்கள்?

அந்த நோட்டுகள் இல்லாவிட்டால் 2025-இல் தேங்காய் எண்ணெய் விலை ஏறியதை நான் தாக்குப்பிடித்திருக்க மாட்டேன். அதிகம் விற்றது சிப்ஸ்தான், குறைவாக மிஞ்சியதும் அதில்தான். குழுவில் உட்கார்ந்து பேசி, சிப்ஸை ஓணத்துக்கும் முன்பணம் தருகிற ஆர்டருக்கும் மட்டும் என்று வைத்துக்கொண்டோம். தேன்மெழுகில் சோப்பு செய்கிற யோசனை வந்தபோதும் டீச்சர்தான் விசாரித்துவிட்டு, அதற்கு உணவு உரிமம் போதாது, மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையில் தனி உரிமம் வேண்டும் என்றார். சரி, இப்போதைக்கு வேண்டாம் என்று விட்டோம். செய்யாதே என்று காரணத்தோடு சொல்ல ஒரு ஆள் இருப்பது பெரிய பலம்.

மார்த்தாண்டம் தேனுக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. விசாரிப்பு கூடியிருக்கிறது, சந்தேகமும் கூடியிருக்கிறது. ரப்பர் தேன் சீக்கிரம் உறைந்துவிடும். குளுக்கோஸ் கூடுதலாக இருக்கிற தேன் எதுவும் அப்படித்தான். சீனி கலந்திருக்கிறது என்று குப்பியைத் திருப்பித் தர வருகிறவர்களிடம் சண்டை போட மாட்டேன். மிதமான சுடுதண்ணீரில் அதே குப்பியை வைத்து இளக்கிக் காட்டுவேன். ஈரப்பதம் 20 சதவீதத்தைத் தாண்டினால் புளித்துவிடும் என்பதால் அதைக் குறைக்கிற இயந்திரம் வாங்க, உணவு பதப்படுத்தும் குறுந்தொழில்களுக்கான திட்டத்தில் விண்ணப்பித்திருக்கிறேன். 35 சதவீதம் மானியம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய். திட்ட அறிக்கையை டீச்சரும் நானும் சேர்ந்தே எழுதினோம்.

இப்போது என்னிடமும் பெண்கள் கேட்டு வருகிறார்கள். பெரும்பாலும் மாசியில், தேன் எடுப்பதைப் பார்த்துவிட்டு வருவார்கள். அப்போது நான் பெட்டி தருவதில்லை. ஐப்பசியில் வரச் சொல்வேன். ஒரு தேனீக் கூட்டத்தை இரண்டாகப் பிரிக்கிற காலம் அது. ராணி எங்கே இருக்கிறது, புது ராணி அறை எப்படி இருக்கும் என்று கண்ணால் பார்த்துப் பழகலாம், இலை துளிர்ப்பதற்குள் கூட்டமும் வலுத்துவிடும். அதற்கு முன்னால் திருப்பதிசாரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் பயிற்சி எடுத்துவிட்டு வந்தால் நல்லது. பெட்டிக்கான பணத்தை முதல் தேன் விற்ற பிறகு தந்தால் போதும்.