மாடிப்படிக்கு அடியில் ஒரு பட்டறை: எட்டு மாத அனுபவம்

போன ஆயுத பூஜைக்குச் சந்தனம், குங்குமம் வைக்க வீட்டில் இருந்த கருவிகளை எல்லாம் வெளியே எடுத்தேன். பாதிக்கு மேல் துரு பிடித்திருந்தது. திருப்புளி மூன்று இருந்தும் ஒன்றுக்கும் முனை சரியில்லை. 46 துண்டுகள் கொண்ட சாக்கெட் செட் ஒன்று மட்டும் புதிதாகவே இருந்தது. வாங்கிய வாரமே மோட்டாரின் 13 மி.மீ. போல்ட்டைக் கழற்றப் போய், ராட்செட் கைப்பிடியின் (ஒரு பக்கம் மட்டும் திருகும் கைப்பிடி) பல் நழுவி, போல்ட் தலையும் மழுங்கிப் போனது. அதற்குப் பிறகு அதைத் தொடவே இல்லை. மாடிப்படிக்கு அடியில் 6க்கு 8 அடி இடம் சும்மா கிடந்தது. அதைப் பட்டறையாக்குவது, இனி செட்டாக எதையும் வாங்குவதில்லை, ஒரு வேலை வந்தால் அதற்கான கருவியை மட்டும் வாங்குவது என்று அன்று முடிவு செய்தேன்.

முதலில் பாரிமுனை செம்புதாஸ் தெருவுக்குப் போனேன். டபாரியா கம்பெனியின் 8 அங்குல கட்டிங் பிளேயர் ஒன்று, 300 ரூபாயை ஒட்டி. அதன் வாயை மூடி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், வெட்டும் விளிம்பில் இடைவெளி தெரியவில்லை. ஸ்பேனரில் 8, 10, 13, 17 மி.மீ. என்று நான்கு மட்டும் எடுத்தேன். எம்6 போல்ட்டுக்கு (தண்டு 6 மி.மீ.) 10, எம்8 போல்ட்டுக்கு (தண்டு 8 மி.மீ.) 13. எங்கள் வீட்டு வேலைகளில் முக்கால்வாசி இந்த இரண்டிலேயே முடிந்துவிடுகிறது.

மூலைமட்டம் (90 டிகிரி பார்க்கும் ட்ரை ஸ்கொயர்) வாங்கியதுதான் அன்று நிறைய நேரம் எடுத்தது. நேரான விளிம்புள்ள பிளைவுட் துண்டு ஒன்றைப் பையிலேயே கொண்டுபோயிருந்தேன். மட்டத்தை விளிம்போடு ஒட்டி வைத்துக் கூரான பென்சிலால் ஒரு கோடு, அப்புறம் மட்டத்தைப் புரட்டி அதே இடத்தில் இன்னொரு கோடு. மட்டம் சரியாக இருந்தால் இரண்டும் ஒன்றின் மேல் ஒன்றாக விழும். பிசகு இருந்தால் அது இரண்டு மடங்காகிக் கண்ணுக்குத் தெரியும். நான்கை எடுத்துப் பார்த்ததில் இரண்டில் கோடுகள் விரிந்தன. கடைக்காரர் முகம் சுளிக்காமல் பெட்டியைத் திறந்து கொடுத்தார், அவருக்கு நன்றி. ரசமட்டத்தையும் (ஸ்பிரிட் லெவல்) இப்படித் திருப்பி வைத்தே சோதிக்கலாம்.

திருப்புளியில் நான் வெகுகாலம் அறியாமல் இருந்த ஒன்று உண்டு. ஸ்டார் என்று நாம் சொல்வதில் பிலிப்ஸ், போசிடிரைவ் என்று இரண்டு வகை. அலமாரிக் கீல்களோடு வரும் ஸ்க்ரூக்கள் பலவற்றில் சிலுவைக் குழியின் கைகளுக்கு இடையே நான்கு மெல்லிய கோடுகள் இருக்கும். அது போசிடிரைவ். அதில் பிலிப்ஸ் முனையை வைத்து அழுத்தினால் வழுக்கிக் குழியைத் தின்றுவிடும். கையில் பலம் போதவில்லை என்றே இத்தனை வருடம் நினைத்திருந்தேன். பிஹெச்2 (பிலிப்ஸ்), பிஇசட்2 (போசிடிரைவ்) இரண்டையும் தனித்தனியாக வாங்கிய பிறகு ஒரு ஸ்க்ரூவும் கெடவில்லை.

உளி 12, 25 மி.மீ. என்று இரண்டு. பக்கத்துத் தெரு ஆசாரி அண்ணனிடம் காட்டினேன். "தம்பி, கடையில குடுக்குறது இரும்புதான். அத உளியாக்குறது உங்க வேல" என்றார். 8 மி.மீ. கண்ணாடித் துண்டின் மேல் தண்ணீர் எமெரியை ஒட்டி, 220ஆம் நம்பர் தாளில் தொடங்கி 400, 800, 2000 என்று மேலும் மேலும் நைசான தாள் வரை போனேன். முதலில் உளியின் முதுகு, அதாவது தட்டையான பின்பக்கம். விளிம்பை ஒட்டிய அரை அங்குலம் முகம் பார்க்கிற மாதிரி ஆகும்வரை தேய்க்க வேண்டும். இதற்கே ஒரு மாலை போனது. அடுத்த நாள் 25 டிகிரி சாய்வு. கறுப்புத் தண்ணீர் வழிய வழியத் தேய்த்துவிட்டு, பின்பக்கம் விரலை வெளிநோக்கித் தடவினால் மெல்லிய பிசிறு தட்டுப்படும். அது விளிம்பு முழுக்க வந்த பிறகுதான் அடுத்த தாளுக்கு மாற வேண்டும். கடைசியில் முனையை மட்டும் 30 டிகிரிக்கு உயர்த்தி நாலைந்து இழுப்பு. தேக்குத் துண்டின் குறுக்குவெட்டில் வைத்துத் தள்ளினேன். கொட்டாப்புளியே (மரச் சுத்தியல்) வேண்டியிருக்கவில்லை, வெங்காயத் தோல் மாதிரி சுருள் எழுந்து வந்தது. விலை உயர்ந்த உளியைவிட அந்தக் கண்ணாடியும் எமெரியும் எனக்குப் பெரிய லாபம்.

வைக்கும் இடத்தில்தான் தவறினேன். இருக்கிறதே என்று பழைய தகரப் பெட்டியைத் தரையில் வைத்து அதில் எல்லாவற்றையும் போட்டேன். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஓதம் ஏறி, புது ஸ்பேனர்கூடப் பழுப்பாகிவிட்டது. அடியில் இருப்பதை எடுக்க மேலே இருப்பதை எல்லாம் கொட்ட வேண்டும் என்பதால், நாளாக நாளாக நான் எடுப்பதே குறைந்துவிட்டது.

தை மாதம் சுவருக்கு மாறினேன். 18 மி.மீ. பிளைவுட்டில் 4 அங்குலப் பட்டைகளை நீளவாக்கில், பிளேடை 45 டிகிரி சாய்த்து, இரண்டிரண்டாக அறுத்துத் தரும்படி கடையிலேயே கேட்டு வாங்கினேன். ஒரு பட்டையைச் சாய்வு சுவர்ப் பக்கம் இறங்குகிற மாதிரி சுவரில் பொருத்த வேண்டும். அதன் ஜோடியைத் தலைகீழாகக் கருவி மாட்டும் பலகையின் பின்னால் அடித்துவிட்டால், பலகை அதன் எடையாலேயே கொக்கி போல உட்கார்ந்துவிடும். இடம் மாற்ற ஆணி பிடுங்க வேண்டியதில்லை, தூக்கி அடுத்த பட்டையில் வைத்தால் போதும். சுவருக்கு 8 மி.மீ. பிளக், 50 மி.மீ. ஸ்க்ரூ. டிரில் மெஷினை எலக்ட்ரீஷியன் தம்பியிடம் இரவல் வாங்கினேன். ஓதம் தாக்காமல் இருக்கப் பட்டைக்கும் சுவருக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி விட்டேன். உளிகளுக்கு வாரம் ஒரு முறை தையல் மெஷின் எண்ணெய் தொட்டுத் துடைக்கிறேன். இந்தக் கோடை முழுக்கத் துரு எட்டிப் பார்க்கவில்லை.

ஆணி, ஸ்க்ரூவுக்கு முதலில் ஐஸ்கிரீம் டப்பாக்கள். உள்ளே இருப்பது தெரியாததால் ஒவ்வொன்றாகத் திறக்க வேண்டியிருந்தது. இப்போது ஹார்லிக்ஸ் பாட்டில்களின் மூடியை அலமாரிப் பலகையின் அடியில் ஸ்க்ரூ போட்டுப் பொருத்தி, பாட்டிலைத் திருகி மாட்டியிருக்கிறேன். என்ன இருக்கிறது, எவ்வளவு மிச்சம் என்று நின்ற இடத்திலிருந்தே தெரிகிறது.

அடுத்து வேண்டியது, பொருளை இறுக்கிப் பிடிக்க ஒரு 4 அங்குல வைஸ். பழைய இரும்புக் கடையில் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன், வார்ப்பு கனமாக இருக்கிறது. கைப்பிடியைச் சுற்றினால் தாடை ஆடாமல் நேராக மூடுகிறதா என்று பார்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஆசாரி அண்ணனும் கூட வருவதாகச் சொல்லியிருக்கிறார்.