வெளிநாட்டுக் கம்பெனியை வாங்கும்போது கடன் யார் பெயரில்?

வளரும் நாட்டு நிறுவனம் ஒன்று பணக்கார நாட்டுக் கம்பெனியை வாங்கினால், விலையைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். கடன் யார் பெயரில் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

2000-இல் டாடா டீ, தன்னைவிடப் பெரிய பிரிட்டன் டீ கம்பெனியான டெட்லியை 27.1 கோடி பவுண்டுக்கு வாங்கியது. இதற்கென்றே பிரிட்டனில் ஒரு தனி நிறுவனம் தொடங்கி, அதில் 7 கோடி பவுண்டு முதல் போட்டார்கள். மீதியை, டெட்லியின் வருமானத்தை நம்பி அந்தத் தனி நிறுவனமே கடனாக எடுத்தது. டெட்லி தடுமாறினாலும் கடன் கொடுத்தவர்கள் தாய் நிறுவனத்தின் மேல் கைவைக்க முடியாது; போட்ட முதல் போகும், அவ்வளவுதான். இந்தியாவிலிருந்து நடந்த பெரிய கொள்முதல்களில் இவ்வளவு நிதானமாகத் திட்டமிட்டவை குறைவு.

மெக்சிகோவின் சிமென்ட் கம்பெனி செமெக்ஸ் 1992-இல் ஸ்பெயினில் இரண்டு சிமென்ட் கம்பெனிகளை வாங்கியது. ஸ்பெயின் கிளை வழியாகக் கடன் எடுத்தால் வட்டி குறைவு என்பதே அதில் பெரிய லாபம். மலிவான கடன் பழகிப்போனது. 2007-இல் ஆஸ்திரேலியாவின் கட்டுமானப் பொருள் கம்பெனி ரிங்கரை 1,400 கோடி டாலருக்கு மேல் கொடுத்து வாங்கினார்கள். ரிங்கரின் வியாபாரத்தில் பெரும்பகுதி ஃப்ளோரிடா, அரிசோனா போன்ற அமெரிக்க மாநிலங்களில். அங்கே வீடு கட்டுவது ஏற்கெனவே சரியத் தொடங்கியிருந்தது. அடுத்த ஆண்டு ஒரேயடியாகப் படுத்துவிட்டது. 2009-இல் சுமார் 1,500 கோடி டாலர் கடனுக்கு வங்கிகளிடம் தவணையை நீட்டிக் கேட்க வேண்டியதாயிற்று. வாங்கிய ஆஸ்திரேலியச் சொத்துகளையும் விற்றார்கள்.

பிராண்டுக்கும் கெடு உண்டு. 2005-இல் ஐபிஎம்மின் பிசி பிரிவை வாங்கிய சீனாவின் லெனோவோவுக்கு ஐபிஎம் பெயரைப் போட்டுக்கொள்ள 5 ஆண்டுதான் அனுமதி. திங்க்பேட் என்ற லேப்டாப் பெயர் சொந்தமாகவே வந்தது. 2016-இல் அமெரிக்காவின் ஜிஇ-யின் (ஜெனரல் எலெக்ட்ரிக்) வீட்டுச் சாதனப் பிரிவை 540 கோடி டாலருக்குப் பேசி முடித்த சீனாவின் ஹையர், ஜிஇ பெயரைப் போட்டுக்கொள்ள 40 ஆண்டு வாங்கிக்கொண்டது. அதற்கு வெகுகாலம் முன்பே, பெரிய கம்பெனிகள் சீண்டாத மாணவர் விடுதிக் குட்டி ஃப்ரிட்ஜை விற்றே ஹையர் அமெரிக்கக் கடைகளுக்குள் நுழைந்திருந்தது.

எனக்கு மிகவும் உறுத்துவது சீன டிவி கம்பெனி டிசிஎல் விவகாரம். 2004-இல் பிரான்சின் தாம்சனோடு சேர்ந்து அதன் டிவி தொழிலை எடுத்துக்கொண்டது. கைக்கு வந்தவை பழைய பிக்சர் டியூப் டிவி செய்யும் தொழிற்சாலைகள். ஐரோப்பியர்களோ தட்டைத் திரைக்கு மாறிக்கொண்டிருந்தார்கள். 2006-இல் ஐரோப்பிய வியாபாரத்தில் பெரும்பகுதியை மூட வேண்டிவந்தது. விற்பவர் எதைத் தள்ளிவிடப் பார்க்கிறார் என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும். அதே தாம்சனின் பிக்சர் டியூப் ஆலைகளை 2005-இல் வாங்கியது நம் வீடியோகான்.