சித்தி போட்ட முடிச்சு

போன சனிக்கிழமை கொழும்பு பழைய சோனகத் தெருவில் இரண்டு கிலோ சணல் கயிறு வாங்கினேன். "என்னத்துக்கு மிஸ், சாமான் கட்டவா?" என்று கடைக்காரர் கேட்டார். சிற்பம் செய்ய என்று சொல்ல வாய் வரவில்லை. ஓம் என்று தலையாட்டிவிட்டு ஓட்டோ பிடித்து வெள்ளவத்தைக்கு வந்துவிட்டேன்.

எல்லாம் இந்தியச் சிற்பி மிருணாளினி முகர்ஜியால் வந்த வினை. அவர் 1984இல் செய்த 'யக்ஷி'யின் படத்தை ஒருநாள் இரவு போனில் பார்த்தேன், நித்திரை போய்விட்டது. ஆளுயரத்துக்கு மேலே எழுந்து நிற்கிறாள். தெய்வம் என்றால் தெய்வம். கொஞ்சம் உற்றுப் பார்த்தால் மடல் விரிந்த ஏதோ பெரிய பூ. கல்லும் இல்லை, வெண்கலமும் இல்லை, முழுக்கச் சாயம் ஏற்றிய சணல். தறி இல்லாமல், முன்கூட்டி வரைந்த படமும் இல்லாமல், கையாலேயே முடிச்சு முடிச்சாகப் போட்டு வளர்த்தது.

1949இல் மும்பையில் பிறந்தவர். தாய் லீலாவும் சிற்பிதான். தகப்பன் சாந்திநிகேதன் ஓவியர் பினோத் பிஹாரி முகர்ஜி, நடுவயதில் பார்வை போன பிறகும் வேலையை விடாத மனுஷன். அப்படி ஒரு வீட்டில் வளர்ந்த பிள்ளை விரலை நம்பியதில் எனக்கு ஆச்சரியம் இல்லை (இது என் ஊகம், அவர் சொன்னதல்ல). பரோடாவில் ஓவியர் கே.ஜி. சுப்பிரமணியனிடம் படித்தார். பிறகு பீங்கான் மண், வெண்கலம் என்றும் போனார். என் மனம் என்னவோ சணலிலேயே நிற்கிறது.

காரணம் சித்தி. அதே எண்பதுகளில் எங்கள் சித்தியும் கயிறு முடிந்துகொண்டுதான் இருந்தா. பூச்சாடி தொங்கவிடுகிற பின்னல். அந்த ஒழுங்கையில் பாதி வீட்டு விறாந்தையில் அவவின் கைவேலைதான் தொங்கியது. அதை யாரும் கலை என்று சொல்லவில்லை, பொழுதுபோக்கு என்றார்கள். முகர்ஜிக்கும் இது சிற்பமா கைவினையா என்ற கேள்வி ஓயாமல் பின்னால் வந்தது.

சரி, என் கதைக்கு வருகிறேன். இரண்டு மணித்தியாலம் இருந்து முடிந்ததில் ஒரு சாண்தான் வளர்ந்தது. சுட்டுவிரல் தோல் உரிந்து எரிந்தது. அதைவிட, நேராக இறங்க வேண்டிய பின்னல் பாம்பு மாதிரித் திருகிக்கொண்டு போனது. ஏன் என்று விளங்கவே இல்லை.

ஞாயிறு சித்தி வந்தா. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்த உடனேயே பிழையைப் பிடித்துவிட்டா. "ஒரே பக்கத்தால போட்டா திருகத்தானே செய்யும் பிள்ளை. ஒருக்கா வலம், ஒருக்கா இடம்." அவிழ்த்து, நாலு முடிச்சுப் போட்டுக் காட்டினா. தட்டையாக, பாய் மாதிரி வந்தது.

முகர்ஜி 2015 பெப்ரவரியில் டெல்லியில் இறந்தபோது, அவருடைய வாழ்நாள் வேலைகளை வைத்து அங்கே தேசிய நவீன கலைக்கூடத்தில் தொடங்கிய கண்காட்சிக்கு ஒரு கிழமைதான் ஆகியிருந்தது. வயது 65. இதைச் சித்திக்குச் சொல்லி, 'யக்ஷி' படத்தையும் காட்டினேன். கனநேரம் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தா.

"இந்த இடுப்புப் பக்கம் வேணுமெண்டே திருக விட்டிருக்கிறா என்ன?" என்று கேட்டுவிட்டு, தான் போட்ட நாலு முடிச்சையும் அவிழ்க்கத் தொடங்கினா.